பத்து விரலும் பாதிக் கதவும்

ரேணுகா,

ஒருவரும் நம்பப்போகாத ஒரு கதையை இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன் என்று, இடது கையை உன் அம்மாவின் படச் சட்டத்தின் மேலும் வலது கையைச் சூடான டீ டம்ளரின் மேலும் வைத்துச் சத்தியம் செய்கிறேன். கை சுடுகிறது, அவ்வளவு உண்மையான சத்தியம். போன மாதம் என் பழைய தொழிற்சாலையில் நடந்த கதை அது. அதைக் கேட்டால் அத்திப்பள்ளி எல்லையில் நிற்கும் லாரிகள் தாமாகவே என்ஜினை அணைத்துக்கொள்ளும். தேன்கனிக்கோட்டைக் காட்டு யானைகள் ராகிக் கொல்லையில் வாய் வைத்ததை மறந்து காதை விரித்து நிற்கும். நீ நம்பமாட்டாய், தெரியும். நான் சொன்னதை நீ கடைசியாக முழுசாக நம்பியது உன் எட்டாவது வயதில். அதனால் வந்த வினையையும் இதில்தான் எழுதியாக வேண்டும்.

கதைக்கு முன்னால் காரியம். தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். கல்யாணம் முடிந்தால் மைசூர். இப்போது நீ இருக்கும் பெங்களூரு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், நமக்குள் இருக்கும் தூரத்துக்கு எந்த அரசும் பஸ் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாய். “சாப்ட்டியாப்பா?” “ஆச்சு கண்ணு.” “மாத்திர?” “போட்டேன்.” “சரிப்பா, வெக்கறேன்.” வைத்துவிடுகிறாய். அந்தப் போனை நான் பத்து நிமிடம் காதிலிருந்து எடுப்பதில்லை, மரியாதைக்காக. ஒன்பது வருடமாக நீ எனக்கு ஒரு பாட்டும் பாடிக்காட்டியதில்லை. முடிந்த பாட்டை ஊரெல்லாம் கேட்கிறது, நானும் போனில் கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்வது முடியாத பாட்டை. வார்த்தை இன்னும் சிக்காமல், பாதியில் நொண்டிக்கொண்டு நிற்குமே, அதை. அப்படி ஒன்றை, நீ மைசூருக்குப் போகும் முன் ஒரே ஒரு தடவை, எனக்குப் பாடிக்காட்ட வேண்டும். இந்த அப்பன் கேட்பது அவ்வளவுதான். கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பதை நீ முடிவு செய்ய வேண்டும் என்பதால், செய்ததை எழுதுகிறேன். எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தின் மாத இதழில் போடச் சொல்லியும் கொடுக்கப்போகிறேன். செய்தது நாலு பேர் பார்க்கச் செய்தது. ஒத்துக்கொள்வதை மட்டும் உறை ஒட்டி அனுப்புவது முறையில்லை.

நம் வீட்டுக்குப் பாட்டு வந்த வரலாற்றை உலகம் இன்னும் எழுதவில்லை, நானே எழுதிவிடுகிறேன். அஞ்செட்டிக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்திலிருந்து, நாளுக்கு இரண்டே பஸ் வரும் ஊரிலிருந்து, நான் ஓசூருக்கு வேலைக்கு வந்தேன். என்னை நிறுத்திய இடம் ப்ரெஸ் ஷாப் என்கிற பிரிவு, இருநூறு டன் ப்ரெஸ். தகட்டை வை, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்து, மேலிருந்து இரும்பு இறங்கும், தகடு வண்டிக் கதவாகும். காதில் பஞ்சு மாதிரி ஒன்றைச் செருகிவிடுவார்கள். வெளியே உலகம் இடிந்தாலும் உள்ளே நம் குரல் மட்டும் கேட்கும். தடங், டக்கு டக்கு, தடங். அந்தத் தாளத்துக்கு நான் பாடாத நாளில்லை. பணிக்காலத்தில் மொத்தம் பதினோராயிரம் பாட்டு கட்டினேன் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அம்மா வேப்பனப்பள்ளிக்காரி, தெலுங்கில் யோசித்துத் தமிழில் வெட்டுவாள். “ஏமய்யா, அது பதினோராயிரம் பாட்டு இல்ல. ஒரே பாட்ட பதினோராயிரம் தடவ கட்டியிருக்க” என்பாள். கணக்கில் அவளை ஜெயிக்க முடியாது.

அந்த ஒரே பாட்டு என்ன தெரியுமா? ஒளிவிளக்கு வரும், வானம் வரும், தாய்மண் வரும், கடைசியில் எல்லாம் வென்றிடுவோம் என்று வரும். பாட்டு என்பது மழை மாதிரி, தானாக வரும், வந்ததைத் தொடக்கூடாது என்று நினைத்திருந்தேன். அது ஒரு வேலை, தகட்டை வெட்டுவது போல, தப்பானதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வெட்டுவது போல என்று எனக்கு முதலில் காட்டியது, அவரைக்கொட்டை உரித்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்த பதிமூன்று வயது நீ. ராகம் முதலில் வந்துவிட்டது உனக்கு. வார்த்தை வரவில்லை. வராத இடத்தில் நீ சும்மா இருக்கவில்லை, பஸ் ஸ்டாப் பெயர்களைப் போட்டு நிரப்பிக்கொண்டாய். “சூளகிரி, சூளகிரி, குருபரப்பள்ளி... சூசுவாடி தாண்டி வந்தா அத்திப்பள்ளி.” நான் சிரித்தேன். கண்டக்டரைக் கட்டிக்கொள்ளப் போகிறாயா என்று கேட்டேன். “இது வார்த்த இல்லப்பா. வார்த்த வர்ற வரைக்கும் சீட்டுல துண்டு போட்டு வெச்சிருக்கேன்” என்றாய். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சூளகிரி இறங்கிப்போயிருக்கும், அந்த இடத்தில் ஒரு சொல் உட்கார்ந்திருக்கும், அதே நீளத்தில், அதே எடையில். இன்னொரு வாரத்தில் குருபரப்பள்ளி இறங்கும். அப்படி ஸ்டாப் ஸ்டாப்பாகப் பாட்டைக் காலி செய்து நிரப்புவாய். சில பாட்டில் அத்திப்பள்ளி மட்டும் இரண்டு மாதம் இறங்காமல் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாய். நான் கட்டிய ஒரு வரியில் ராகம் நீளும் இடத்தில் ‘வெற்றிக்கு’ என்று வைத்திருந்தேன். நீ பாடிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். “இங்க வாய் தெறந்து இருக்கணும்ப்பா. நீ பாட்டுக்கு மூடிட்டுப் போற. நீட்டறதுக்கு எடமே இல்ல. ‘ஆ’ குடு, ‘ஓ’ குடு, எதாச்சும் குடு.” இருபது வருடம் பாடியவனுக்கு அது உறைக்கவில்லை. உன்னைப் பாராட்டினேனா? உன் நோட்டை வாங்கி, ஷாப்பில் தகடு பரிசோதிப்பவர் சிவப்பு மையில் குறிப்பதைப் போல, அங்கங்கே வட்டம் போட்டுக்கொடுத்தேன். பேச்சு வழக்கு வரும் இடமெல்லாம் ஒரு வட்டம். நீ அந்த வட்டங்களைப் பார்த்துச் சிரிப்பாய். “அப்பா, நீ திருத்துனா பாட்டு யூனிபார்ம் போட்டுக்குது.” ஆனாலும் அடுத்த பாட்டையும் என்னிடம்தான் கொண்டுவந்தாய். அது எப்பேர்ப்பட்ட மரியாதை என்று எனக்கு அப்போது தெரியாது.

இப்போது உன் எட்டாவது வயதுக்குப் போக வேண்டும். எங்கள் ஷாப்பில் பக்கத்து ப்ரெஸ்ஸில் வேலை செய்தவருக்கு ஒரு நாள் இரண்டு விரல் போயிற்று. நான் அவரை வண்டியில் தூக்கி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவன். கை நடுக்கம் நிற்கவில்லை. அதை மறைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சாப்பிடும்போது அதைக் கதையாக்கினேன். விரல் எகிறிப் போய் மேனேஜரின் டீயில் விழுந்தது என்றேன். அவர் பிஸ்கட் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தார் என்றேன். உன் அம்மா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். நீ சிரிப்பாய் என்று உன்னைப் பார்த்தேன். நீ என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து ஒன்பது வருடம், நான் வேலை முடிந்து கதவைத் தட்டினால் நீதான் திறப்பாய். முழுசாகத் திறக்கமாட்டாய். ஒரு ஆள் கை நுழையும் அளவுக்குத் திறந்து, ஒரு கணம் நின்று, பிறகுதான் முழுசாகத் திறப்பாய். நான் அதை விளையாட்டு என்று நினைத்து, இடுக்கில் இரண்டு கையையும் விட்டுக் குரங்கு சேட்டை காட்டுவேன். நீ பத்து விரலையும் பார்த்து முடிக்கும் வரை சிரிக்கமாட்டாய். முடிந்த பிறகு சிரிப்பாய். ஒன்பது வருடம், ரேணு. இந்த மூளை அதை ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்க்கவில்லை.

பிறகு பாதுகாப்பு வாரம். உனக்குத் தெரியும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒரு வாரம் தொழிற்சாலையில் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு, கோலம், பாட்டு என்று போட்டி வைப்பார்கள். பாட்டில் முதல் பரிசு வாங்குகிறவருடைய வரியைத் தகரப் பலகையில் மஞ்சள் பெயிண்டில் எழுதி, கீழே பெயர் போட்டு, ஷாப்புக்குள் மாட்டுவார்கள். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவான பெயிண்ட் ஷாப்காரர் ஒருவர் தொடர்ந்து மூன்று வருடம் தட்டிக்கொண்டு போனார். என் ‘தலைக்கவசம் அணிந்திடுவோம், தரணியையே வென்றிடுவோம்’ மூன்று வருடமும் ஆறுதல் பரிசு, ஒரு சோப்பு டப்பா. மூன்று சோப்பு டப்பாவையும் உன் அம்மா சன்னலில் வரிசையாக வைத்து, வருகிறவர்களிடம் “எங்க வீட்டுக் கோப்பைங்க” என்று காட்டுவாள். என் மானம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை உயரத்திலிருந்து விழுந்து உருண்டு காவேரிப்பட்டினத்தில் தென்பெண்ணையில் நனைந்து கிடந்தது.

நான்காவது வருடம், போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, நீ ஒரு புதுப் பாட்டோடு வந்தாய். உனக்கு அப்போது பதினேழு. அன்று மற்ற நாளைப் போலத் தரையில் உட்காரவில்லை, கதவுப் பக்கமாக நின்றுகொண்டே பாடினாய். பாதிக்கு மேல் சூளகிரியும் குருபரப்பள்ளியும்தான் இருந்தன. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது.

பத்து வெரலும் வந்துச்சான்னு பார்த்துத்தான்
பாதிக் கதவத் தெறக்கறேன்.

பாடிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். அந்த நேரத்தில் ஒரு அப்பன் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: “தெனமும் எண்ணறியா கண்ணு?” நான் கேட்டது, “இது எத்தன தட்டு?” நீ விரலால் தட்டிக் காட்டினாய். ப்ரெஸ் தாளத்துக்கு அப்படியே உட்கார்ந்தது. என் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. அதை நான் இன்றுவரை வரியின் அழகுக்குச் சிலிர்த்தது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு வழக்கம் போல அதிகாரி ஆனேன். “அது என்னா பாதிக் கதவு? கதவுன்னா கதவு. தெறந்தா தெறக்கணும், மூடுனா மூடணும்.” நீ “சரிப்பா” என்றாய்.

அந்த வரியை நான் போட்டிக்குக் கொண்டுபோனேன். ‘வந்துச்சான்னு’ என்பதை ‘வந்ததா என’ ஆக்கினேன், ‘பாதி’யைத் தூக்கினேன், பின்னால் தலைக்கவசத்துக்கு ஒரு சரணம், கையுறைக்கு ஒரு சரணம், தீயணைப்பானுக்கு ஒரு சரணம் தைத்துச் சேர்த்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்திருப்பாய் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொடுத்திருக்கமாட்டாய் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. முதல் பரிசு வந்தது. சாப்பாடு சூடாக இருக்கும் ஒரு பெரிய ஹாட் பாக்ஸ். கைதட்டினார்கள். இரண்டு விரல் போனவர் முன்வரிசையில் இருந்தார், மிச்சமிருந்த விரல்களோடு அவரும் தட்டினார். “எப்டிய்யா உனக்கு இந்த வரி தோணுச்சு?” என்று என் தோளைப் பிடித்துக் கேட்டார். நான் வானத்தைக் காட்டினேன்.

அதோடு விட்டிருந்தால் உனக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் அடுத்த மாதம் குடும்ப தினம். வருடத்தில் அந்த ஒரு நாள் வீட்டுக்காரர்களை உள்ளே விட்டு, அப்பா எந்த மிஷினில் நிற்கிறார் என்று பார்க்கவிடுவார்கள். உன் அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நீ ப்ரெஸ்ஸைப் பார்த்தாய், அதன் இரண்டு பொத்தானைப் பார்த்தாய், பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தாய். மஞ்சள் பெயிண்ட். கீழே என் பெயர், பதவி, டோக்கன் நம்பர். நீ எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் தீயணைப்பான் மேல் ஒட்டியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“அது பொண்ணோட வார்த்ததான?”

“ஒரே வீடு. யாரோடதா இருந்தா என்னா?”

“அப்ப கீழ வீட்டு நம்பரப் போட்டிருக்கலாமே. எதுக்குய்யா உன் பேரு?”

இந்தக் கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டே இருந்தேன். அவள் போய் நாலு வருடம் ஆகிறது, இன்னும் தயாராகவில்லை. திரும்பும் பஸ்ஸில் நீ சன்னல் பக்கம் உட்கார்ந்து, “நல்லா இருக்குதுப்பா பலக” என்றாய். கோபித்திருந்தால் நான் ஒரு வாரம் நடித்து, காலில் விழுந்து, பிரியாணி வாங்கிக்கொடுத்துச் சரிசெய்திருப்பேன். நீ பாராட்டிவிட்டாய். அன்றிலிருந்து கதவை முழுசாகவே திறந்தாய். என் கையைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாய். உன் நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

பெங்களூருவில் வேலைக்குப் போனாய், பாட்டைக் கன்னடத்துக்கு மாற்றிக்கொண்டாய். ஊரார் கேட்டால், ‘எங்க பொண்ணுக்குத் தமிழ் தெலுங்கு கன்னடம் மூணும் தண்ணி பட்ட பாடு, நாலாவதா ஜப்பான்காரங்க வந்து கெஞ்சறாங்க’ என்பேன். உண்மை எனக்குத் தெரியும். எனக்குக் கன்னடம் காய்கறி வாங்கும் அளவுக்குப் பேச வரும், எழுத்து ஒன்றும் தெரியாது. நான் சிவப்பு மையோடு வந்து நுழைய முடியாத ஒரு மொழிக்கு நீ குடிபோய்விட்டாய்.

அதனால் போன வருடம் ஓய்வுபெற்றதும் முதல் வேலையாக ஒன்றாம் வகுப்புக் கன்னடப் பாடப்புத்தகம் வாங்கினேன். நம் தெருமுனை டீக்கடை மஞ்சுநாத் மாலூர்ப் பக்கத்துக்காரர். தினமும் காலையில் இரண்டு டீக்கு நாலு எழுத்து என்று கற்றுக்கொடுக்கிறார். “ஏனு சார், ஈ வயசல்லி பரீட்ச எழுதப் போறீங்களா?” என்று கேட்டார். மாநிலங்களுக்கிடையே தண்ணீர்ப் பிரச்சினையைப் பேசித் தீர்க்க என்னைத் தூதராக அனுப்பப்போகிறார்கள் என்றேன். எட்டு மாதத்தில் உன் பாட்டு வரிகளை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். ஒரு நாள் அவர் கடையிலேயே அவருடைய போனில் உன் பாட்டு ஓடியது. “யாரோ பொண்ணு சார். ஏனு சென்னாகி, எவ்ளோ நல்லா எழுதியிருக்குது பாருங்க” என்றார். நான் ‘என் பொண்ணுய்யா’ என்று பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தியிருக்க வேண்டியவன். கத்தவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். உன் வரியை என் பெயரில் மாட்டிக்கொண்டவன், உன் பெயரில் எந்த வாயை வைத்துப் பெருமைப்படுவது?

உன் பாட்டுகளில் மழை இருக்கிறது, கடைசி பஸ் இருக்கிறது, கொய்யா விற்கிற கிழவி இருக்கிறாள், வாடகை வீட்டுச் சுவரில் ஆணி இருக்கிறது. முப்பத்தொரு பாட்டையும் எழுத்துக்கூட்டித் தேடிப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கதவே இல்லை.

நானும் எழுதுகிறேன், சிரிக்காதே. தினமும் காலையில் கோடு போட்ட நோட்டில் ஒரு பாட்டு. எட்டு மாதத்தில் இரண்டு நோட்டு தீர்ந்தது. தேறியது மூன்று வரி. இந்த வீட்டில் இப்போது சத்தம் போடுவது பிரிட்ஜ் ஒன்றுதான், அதன் தாளத்துக்குக் கட்டிப் பார்க்கிறேன். உன் வழியையே பின்பற்றுகிறேன். வார்த்தை வராத இடத்தில் ஸ்டாப் பெயர் போடுகிறேன். ஒளிவிளக்கு வந்தால் அடித்துவிட்டு, அந்த நேரத்தில் வீட்டில் உண்மையாக எந்த விளக்கு எரிந்தது என்று யோசிக்கிறேன். ராகம் நீளும் இடத்தில் வாயைத் திறந்துவைக்கிறேன். அப்படி ஒரு நாள், உன் வரியையே எடுத்துப் பழகிப் பார்க்கலாம் என்று, என் பலகை வரியையும் உன் வரியையும் மாற்றி மாற்றிப் பாடினேன். என்னுடையதில் ஒரு ஆள் கதவைத் திறக்கிறான், அவ்வளவுதான். உன்னுடையதில் ‘பா’ என்று நீளும் இடத்தில் ஒரு சின்னப் பெண் கதவிடுக்கில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாட்டே அந்தப் ‘பாதி’யில்தான் இருந்தது. பிரிட்ஜுக்கு முன்னால் நின்று அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. அன்று டிபன் சாப்பிடவில்லை. நீ போன் செய்தபோது சாப்பிட்டேன் என்றுதான் சொன்னேன்.

கல்யாணமாகப் போகும் பெண்ணுக்கு ஏதாவது அறிவுரை சொல்வது அப்பன்களின் சட்டபூர்வமான உரிமை, அதையும் செய்துவிடுகிறேன். மாப்பிள்ளை பேசும்போது உனக்குப் புரியாத ஒரு சொல் வந்தால், அதை அவசரப்பட்டு வெட்டாதே. அது தவறிப்போய் வந்ததாக இருக்காது. அவருக்கு வலிக்கிற இடம் அதற்குள் இருக்கலாம். ‘பாதின்னா என்னா?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திரு. நான் கேட்டேன், காத்திருக்கவில்லை. இன்னொன்று: பயத்தை மறைக்கக் கதை சொல்கிற ஆளாக அவர் இருந்துவிட்டால், சிரித்து முடித்த பிறகு அவர் கையைப் பிடித்துப் பார், நடுங்குகிறதா என்று. உன் அம்மா என் கையைப் பிடித்துப் பார்ப்பாள். தெலுங்கில் திட்டிக்கொண்டேதான் பிடிப்பாள்.

சரி, சத்தியம் செய்த கதை. போன மாதம் பாதுகாப்பு வார நிறைவு விழாவுக்கு ஓய்வுபெற்றவர்களையும் அழைத்திருந்தார்கள். நான் கேட்டுக்குள் வலது காலை வைத்தேன். காவலாளிகள் பதினெட்டுப் பேரும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். கன்வேயர் பெல்ட் மரியாதைக்காக நின்றது. நாலாயிரம் பேர் கூடிய பந்தலில் என் பெயரை அழைத்தார்கள். மேடையேறி மைக்கைப் பிடித்தேன், குரல் நடுங்கவே இல்லை. ‘ப்ரெஸ் ஷாப் பலகையில் இருக்கும் வரி என்னுடையது அல்ல, என் மகள் ரேணுகாவுடையது, நான் எடுத்துக்கொண்டேன், ஒரு சொல்லை வெட்டியும் கெடுத்தேன்’ என்று முழங்கினேன். நிர்வாக இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெயிண்ட் ஷாப்காரர் எழுந்து, தன் மூன்று பரிசையும் அந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கதறினார். நாலு பேர் ஸ்பேனரோடு ஓடிப் பலகையை இறக்கி, என் பெயரைச் சுரண்டிவிட்டு உன் பெயரை எழுதினார்கள். கைதட்டிய அதிர்வில் கிருஷ்ணகிரி அணையில் மதகு தானாகத் திறந்துகொண்டது. யானைகள் காட்டோரம் வரிசையாக வந்து நின்று தும்பிக்கையைத் தூக்கின.

நம்பவில்லைதானே? நல்லது. காவலாளி என் பெயரைப் பட்டியலில் மூன்று தடவை தேடி, நாலாவது தடவை பேனாவால் எழுதிச் சேர்த்துக்கொண்டு உள்ளே விட்டார். கடைசி வரிசை. இரண்டு நிமிடம் பேச அனுமதி கேட்டு ஒரு சீட்டு அனுப்பினேன். மேடையில் ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் வைத்தார். நன்றியுரை முடிந்தது, சாப்பாடு முடிந்தது, எல்லோரும் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். நான் ப்ரெஸ் ஷாப் பக்கம் போய்ப் பார்த்தேன். என் ப்ரெஸ் இருந்த இடத்தில் மஞ்சள் கம்பி வேலி, அதற்குள் ஒரு ரோபோ கை தகட்டை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. பலகை இல்லை. அப்படி ஒன்று இருந்தது என்பதே அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. திருத்தி எழுதிவிடலாம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த பெயரையும் எப்போதோ கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்தால் பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மைக் வயரைச் சுருட்டியாகிவிட்டது. மேடையில் பந்தல்காரர் ஒருவர் குனிந்து சிவப்புக் கம்பளத்தை உருட்டிக்கொண்டிருந்தார். நான் படி ஏறினேன்.

“பெரியவரே, விழா முடிஞ்சிருச்சு. எறங்குங்க.”

“ஒன்னே ஒன்னு சொல்லிட்டு எறங்கிடறேன்ப்பா.”

“யாருக்கு சொல்லப்போறீங்க, சேருக்கா?”

“அதுக்குத்தான்.”

அவர் சிரித்துவிட்டு மறுபடி குனிந்தார். நான் சொன்னேன். எழுதிக்கொண்டு போன பேச்சு சட்டைப் பையிலேயே இருந்தது, குரல் நடுங்கி அது ஒன்றும் வரவில்லை. “பத்து வெரலும்ங்கற வரி நான் எழுதுனது இல்ல. எம் பொண்ணு ரேணுகா எழுதுனது” என்று மட்டும் வந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலிகள் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

“அந்தப் பொண்ணு வந்திருக்குதா?”

“இல்லப்பா.”

“அப்ப அதுகிட்டப் போயி சொல்லுங்க, இங்க எதுக்கு? கொஞ்சம் கால எடுங்க, கம்பளத்து மேல நிக்கறீங்க.”

காலை எடுத்தேன். அன்று சாயங்காலமே இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். எழுதி முடிக்க ஒரு மாதம் ஆகிவிட்டது. மதகும் சல்யூட்டும் யானையும் என் கைச்சரக்கு, தள்ளிவிடு. அடுக்கிய நாற்காலிகளுக்கு முன்னால் நின்று உன் பெயரை வாய்விட்டுச் சொன்னேனே, அந்தச் சின்ன இடம் மட்டும் நடந்தது.

அப்பா